இது என் கை இல்ல

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த அந்தப் பெண் பீடி சுற்றுபவள். இருபத்தைந்து வயது இருக்கும். (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு பீடிக்கட்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். ஒன்று கச்சிதமாக இருந்தது. மற்றொன்றில் நூல் தொளதொளவென்று, இலை பிதுங்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை விளையாட்டாய்ச் சுற்றியதுபோல் இருந்தது.

"ரெண்டும் என் முறத்துல இருந்ததுதான் மேடம். ஆனா இது என் கை இல்ல. எப்ப சுத்தினேன்னே தெர்ல."

கூட வந்த மாமியார் குறுக்கிட்டார். "அம்மன் எறங்குறா மேடம். கொழந்தையாட்டம் பேசுவா, அழுவா. அப்பாலிக்கா கேட்டா ஒண்ணுமே தெர்லன்னுவா."

எங்கள் பக்கம் இது புதுப் பேச்சு இல்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலை ஊர்வலமாக வந்து உடலோடு பொருந்தும். வெட்டுண்ட ரேணுகையின் தலை வேறொருத்தியின் உடலோடு சேர்ந்த கதையை இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. சிரசு வரும் தெருவில் அருள் வந்து ஆடும் பெண்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன், மருத்துவமும் சொல்வதில்லை. ஊரார் கூடியிருக்க வருகிற அருள், திருநீறு பூசியதும் மலையேறிவிடும். இந்தப் பெண்ணுக்கு வந்ததோ அடுப்பில் உலை கொதிக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது. போகும்போது அரை நாள் நினைவையும் சுருட்டிக்கொண்டு போனது.

வலிப்பு நோய் இல்லை என்று பார்த்த பிறகு, பல வாரப் பேச்சுக்கப்புறம் எங்கள் டாக்டரம்மா கோப்பில் எழுதியது விலகல் அடையாளக் கோளாறு. ஒரே ஆள் வேறு வேறு ஆள்போல் மாறி மாறி வெளிப்பட்டு, நடுவில் நினைவு அறுந்துபோகும் நிலை. இதை மனச்சிதைவோடு (ஸ்கிசோஃப்ரினியா) குழப்பாதவர்கள் குறைவு. 'சிதைவு' என்ற சொல்லே ஏமாற்றிவிடுகிறது. மனச்சிதைவு நோயாளி இரண்டு ஆளாகப் பிரிவதில்லை. காதில் குரல் கேட்பதும் ஆதாரமில்லாத சந்தேகமும்தான் அங்கே பெரும்பாலும் தொல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு 1980இல் விலகல் அடையாளக் கோளாறைப் பல ஆளுமைக் கோளாறு என்று அழைத்தது. 1994இல் இப்போதைய பெயருக்கு மாற்றினார்கள். ஒரு உடம்புக்குள் பல பேர் குடியிருப்பதல்ல விஷயம், ஒரே ஆளாகக் கூடிவர முடியாமல் போனதுதான் என்ற புரிதல் அந்த மாற்றத்தில் இருந்தது. சில சமூகங்களில் இது பேயோ சாமியோ பிடித்ததுபோலவும் வெளிப்படும் என்று 2013இல் சேர்த்தார்கள்.

இதெல்லாம் படித்திருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் முறை அவள் குரல் மழலையாக மாறியபோது, "நீ யாரு? உன் பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் குரல் கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் சொன்னது. கோப்பில் எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பெயரோடு அது அடிக்கடி வந்தது. டாக்டரம்மா கோப்பைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பேரு வைக்கிற வேலை நமக்கெதுக்கு? ஒரு நாள்ல அவளுக்கு எவ்வளவு நேரம் தொலைஞ்சு போகுதுன்னு பாரும்மா." சிகிச்சை தருபவரே இதை விதைத்து வளர்க்கிறாரா என்ற வாதம் மருத்துவ உலகில் இன்னும் ஓயவில்லை. அன்றைக்கு அந்த வாதம் என் கையெழுத்திலேயே இருந்தது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் பேச்சுதான், அதுவும் அவசரப்படாமல். முதலில் அவளுக்கு வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டும். பீடிக் கணக்கு நோட்டிலேயே, நினைவு அறுந்த நாளுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னோம். மனசு நழுவுவதுபோல் இருந்தால் நனைத்த இலையை மோந்து பார், இருபத்தைந்து வரை சத்தமாக எண்ணு என்றோம். மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து கூட எண்ணினார். அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

சின்ன வயதில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தபோது நடந்ததை அவள் சொல்ல எட்டு மாதம் ஆனது. அதை இங்கே எழுதப்போவதில்லை. சோறு ஊட்டும் கையே வதைக்கவும் செய்தால், ஒரு குழந்தையால் அந்த இரண்டு கையையும் ஒரே நினைவில் வைத்திருக்க முடியாது. 'நேற்று நீதான் அழுதாய், இன்று நீதான் சிரிக்கிறாய்' என்று யாராவது கூட இருந்து சொல்லிச் சொல்லித்தான் நமக்கெல்லாம் 'நான்' என்பது கூடி வந்தது. அவளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

போன மாசி மாதம் வந்தபோது நோட்டில் நான்கு புள்ளிகள். முந்தின மாதம் பதினொன்று. பையில் தொளதொளப்பான ஒரு கட்டும் இருந்தது. முன்பெல்லாம் ஏஜெண்ட் கழித்துவிடுவான் என்று அதை அடுப்பில் போட்டுவிடுவாளாம். இந்த முறை என் எதிரிலேயே நூலைப் பிரித்து, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்து எண்ணினாள்.

"இருபத்திமூணுதான் சுத்திக்கிறேன் மேடம். இன்னும் ரெண்டு வெச்சுக் கட்டணும்."