மகனுக்காக வாங்கிய அப்பாயின்ட்மென்ட்

பையன் எந்நேரமும் போனில் கேம் ஆடுகிறான் என்றுதான் ஆன்லைன் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்தேன். அவனுக்கு 14 வயது. நேரில் போக எனக்குக் கூச்சம். தெரிந்தவர் யாராவது அங்கே காத்திருந்தால் என்ன சொல்லிச் சமாளிப்பது? வீடியோவில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஒரு படிவம் வந்தது. பிரச்சினை எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, அவசரத்துக்கு யாரை அழைப்பது, பேசும் நேரத்தில் எந்த முகவரியில் இருப்பீர்கள் என்று நீண்டுகொண்டே போனது. வீடியோவில் பேச முகவரி எதற்கு என்று எரிச்சல்பட்டேன். எதற்கு என்று பிறகு புரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒப்புதல் தாளையும் படிக்காமல் டிக் செய்தேன். சொல்வது வெளியே போகாது, உயிராபத்து அல்லது குழந்தைக்குக் கொடுமை என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

"வீட்டில் யாருக்காவது மதுப்பழக்கம் உண்டா?" என்றும் ஒரு கேள்வி. 'இல்லை' என்று போட்டேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. பழக்கம் என்றால் தெருவில் விழுந்து கிடப்பவனுக்கு இருப்பது. நான் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்து, ராத்திரி என் வீட்டில் உட்கார்ந்து குடிப்பவன்.

முதல் நாள் ஐம்பது நிமிடமும் நான்தான் பேசினேன். கவுன்சலர் மேடம் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகிறானா? போகிறான். நண்பர்கள்? இருக்கிறார்கள். எத்தனை மாதமாக? நாலு. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை ஒரு கோளாறாகவே சேர்த்துவிட்டதாமே என்று, படித்துவிட்டு வந்ததைச் சொன்னேன். "ஆமா சார், அவங்களோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11ல இருக்கு. 2022லேர்ந்து நடைமுறையில இருக்கு. ஆனா கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும்விட கேம்தான் முக்கியம்னு ஆகணும், கெடுதல் தெரிஞ்சும் விடமுடியாம இருக்கணும், பொதுவா ஒரு வருஷமாவது அப்படி நீடிச்சிருக்கணும். உங்க பையனுக்கு அந்தப் பேரை வைக்க மாட்டேன். அவன்கிட்ட தனியா பேசலாமா?"

அவன் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினான். இதைப் படிப்பவர்கள் இடத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். கதவுக்குப் பின்னால் அம்மா நிற்கும் அறையில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. கார், மாடி, எதுவானாலும் சரி, ஹெட்செட் கட்டாயம்.

அடுத்த அழைப்பில் மேடம், "பையன் சம்மதிச்சதாலதான் இதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அவன் ஹெட்போனைக் கழற்றுவதே இல்லையாம். கேம் ஓடாவிட்டாலும் மாட்டியிருப்பானாம். நான் மூன்றாவது ரவுண்டுக்குப் போகும் நேரம் அது. எனக்கும் மனைவிக்கும் சத்தம் ஏறுகிற நேரம்.

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று அவரே கேட்டார்.

அன்றைக்கே குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற கேள்வித்தாளைத் திரையில் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, பத்தே கேள்வி, மொத்த மதிப்பெண் 40. 8 வந்தாலே கவனிக்க வேண்டுமாம். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். எனக்கு 23. ஒன்பதாம், பத்தாம் கேள்விகளுக்கு மட்டும் மூன்றே பதில்: இல்லை என்றால் 0, உண்டு ஆனால் கடந்த ஓராண்டில் இல்லை என்றால் 2, கடந்த ஓராண்டில் உண்டு என்றால் 4. பத்தாவது கேள்வி, உங்கள் குடியைப் பார்த்து வீட்டாரோ நண்பரோ மருத்துவரோ கவலைப்பட்டதுண்டா என்பது. அதில் எனக்கு முழுசாக 4.

"நாளைக்கே நிறுத்திடாதீங்க சார், முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று சொல்லித்தான் வைத்தார். என்ன கவுன்சலர் இவர், குடிக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். எனக்கு ரோஷம். அன்று ராத்திரியே பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

இரண்டாம் நாள் அடுத்த அழைப்பு. தூங்கியிருக்கவில்லை, சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. "ரெண்டு கையையும் கேமரா முன்னாடி நீட்டுங்க." நீட்டினேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. "வீட்ல யாரு இருக்காங்க? கூப்பிடுங்க. இன்னைக்கு கவுன்சலிங் கிடையாது, இப்பவே ஆஸ்பத்திரி." தினமும் நிறையக் குடிப்பவன் ஒரேயடியாக நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். அவள்தான் வண்டியை எடுத்தாள்.

நாலு நாள் படுக்கை. வைட்டமின் பி1 ஊசி, நடுக்கம் அடங்க மாத்திரை, அதையும் நாளுக்கு நாள் குறைத்து நிறுத்தினார்கள். இந்த வேலை எதையும் திரை வழியாகச் செய்ய முடியாது. ஆன்லைன் போதும் என்று நினைத்திருந்த எனக்கு அது உறைத்தது. கவுன்சலருக்கு மருந்து எழுதும் அதிகாரமும் இல்லை, அது மனநல மருத்துவரின் வேலை. எந்த இடத்தில் தன் வேலை முடிகிறது என்று தெரிந்த கவுன்சலர் எனக்கு வாய்த்தது என் நல்ல நேரம். படத்தைப் பார்த்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். படிப்பு என்ன, போதைப் பழக்கத்தில் பயிற்சி உண்டா, நெருக்கடி வந்தால் என்ன செய்வார் என்று எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அதற்கப்புறம் வாரம் ஒன்று. மனைவிக்கும் தனியாக. நான் எழ முடியாத நாட்களில் என் ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இனி அதை அவரே செய்யட்டும், போதையில் இருக்கும்போது எதையும் பேசாதீர்கள், தெளிந்த பிறகு பேசுங்கள் என்று அவளுக்குச் சொல்லப்பட்டதாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி சறுக்கினேன். ஏன் குடித்தீர்கள் என்று மேடம் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் யார் பேசினார்கள் என்று கேட்டார். பதில் ஒன்பதரை மணி, அதே நாற்காலி. இப்போது அந்த நாற்காலி அங்கே இல்லை, ஒன்பதரைக்கு நடக்கப் போகிறேன்.

பையன் விஷயம் கேட்பீர்கள். கேம் நின்றுவிடவில்லை. முன்பெல்லாம் கோபம் வந்தால் வைஃபையைப் பிடுங்குவேன். நடுவில் பிடுங்கினால் கூட ஆடுகிறவர்களும் சேர்ந்து தோற்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. இப்போது இருபது நிமிடம் முன்னால் சொல்கிறேன், ஆட்டம் முடிந்ததும் வைக்கிறான். சில நாள் வைப்பதில்லை, அன்று சண்டைதான். ஹெட்போன் மட்டும் ஒன்பதரைக்கு மேஜையில் கிடக்கிறது.

ஏழாம் மாதம் அதே பத்துக் கேள்விகளை மறுபடி நிரப்பச் சொன்னார். பெரும்பாலானவற்றில் எண் இறங்கியிருந்தது. பத்தாவதில் 'கடந்த ஓராண்டில் உண்டு' என்றே போட வேண்டியிருந்தது. இன்னும் அஞ்சு மாசம் போனால் இதுவும் 2 ஆகிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"எப்படி ஆகும்? போன வாரம் நடக்கப் போன நீங்க வர லேட்டாச்சுன்னு வாசல்லயே நின்னேனே" என்றாள்.