பெண்டிகோ ஊரில் கறிவேப்பிலை நட்ட கதை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோ என்ற ஊரில் வீடு வாங்கியதும் கறிவேப்பிலைக் கன்று நடக் குழி தோண்டினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பெரியவர், "சாப்பிடுகிற எதையும் அந்த மண்ணில் வைக்காதீர்கள், முதலில் சோதனைக்குக் கொடுங்கள்" என்றார். இரண்டு சாண் ஆழத்தில் வெளுத்த, மாவு போன்ற மணல் வந்தது. பாறையை இடித்துத் தூளாக்கித் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய கழிவு. இந்தப் பகுதிப் பாறையில் தங்கத்தோடு ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளும் சேர்ந்தே இருக்கும். அந்த மணலை ஒரு காலத்தில் ஊரெங்கும் பள்ளம் நிரப்பப் போட்டிருக்கிறார்கள். சரி என்று பலகையால் தொட்டி அடித்து, கடை மண் நிரப்பி நட்டோம். இங்கே புதிதாக வரும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம்தான் ஊரின் கதையைத் தேடிப் படித்தேன். ஜாஜா வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இது. வெள்ளையர் அதை ஆட்டுக்கு மேய்ச்சலாக்கி இருந்தார்கள். 1851 கடைசியில் ஓடையில் தங்கம் கண்டதும் கரை நெடுகக் கூடாரங்கள் முளைத்தன. விக்டோரியாவின் மக்கள்தொகை பத்தே ஆண்டில் சுமார் 77,000-லிருந்து 5,40,000 ஆனது.

வந்தவர்களுக்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. கோடையில் ஓடை வற்றிவிடும். தோண்டிய மண்ணைக் குவித்து வைத்து, அலச மழைக்குக் காத்திருப்பார்கள். மண் அலசிய நீரையே குடித்து வயிற்றுக்கடுப்பில் செத்தவர்கள் ஏராளம். போதாததற்கு, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம். 1853-இல் பெண்டிகோ ஆட்கள் தொப்பியில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு அதைக் குறைக்கச் சொல்லிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு, பல்லாரட் என்ற இன்னொரு தங்க ஊரின் யுரேகாவில் துப்பாக்கியே வெடித்தது.

எனக்குச் சொந்த ஊர் நீலகிரியில் பந்தலூர். விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரவ் ஸ்மித் என்பவர்தான் 1879-இல் எங்கள் மலைக்கு வந்து தங்கத்தைச் சோதித்தார் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அவர் அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் குவிந்தன, சில ஆண்டுகளில் கவிழ்ந்தன. தேவாலாப் பக்கம் பழைய சுரங்கக் குழிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் கால் உடையும் என்று அம்மா மிரட்டுவார். அந்தக் குழிகளுக்கும் நான் குடியேறிய ஊருக்கும் ஒரே ஆள் வழியாகத் தொடர்பு இருக்கிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது சீனர்களின் வரலாறு. 1855-இல் விக்டோரியா, கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதற்குத் தப்ப, கப்பல்கள் பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறையில் ஆட்களை இறக்கின. அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல், மூட்டை கட்டிய காவடித் தடியைத் தோளில் சுமந்து, வரிசையாக நடந்தே வந்திருக்கிறார்கள். நாங்களும் விசாவுக்குப் பணம் கட்டித்தான் வந்தோம், ஆனால் விமானத்தில் வந்தோம். அவர்களை ஒப்பிட்டு என் சிரமத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்படி வந்த சீனர்கள் காய்கறித் தோட்டம் போட்டு ஊருக்கே விற்றார்கள். மருத்துவமனைக்குப் பணம் திரட்ட 1871-இல் தொடங்கிய ஈஸ்டர் விழாவில் பின்னர் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1901-இல், காலனிகள் ஒரே நாடாக இணைந்த கூட்டாட்சிக் கொண்டாட்டத்துக்கு, லூங் என்ற அவர்களுடைய ஊர்வல டிராகன் மெல்போர்ன் தெருவில் ஆடியது. அதே ஆண்டு, வெள்ளையரல்லாதவர் உள்ளே வராமல் தடுக்கும் குடியேற்றச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்த இரண்டு செய்தியையும் பள்ளியில் ஒன்றாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் ஊரின் ஈமு பாயின்டில் சீனர்கள் கட்டிய செங்கல் கோயில் சிவப்புச் சாயத்தோடு இன்னும் நிற்கிறது. மெல்போர்னிலிருந்து நண்பர்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். சுற்றிப் பார்க்கத் திறந்திருக்கும் பழைய தங்கச் சுரங்கத்துக்கு மதியம் போனால் போதும்.