இரண்டு கவுண்டிகள், ஒரே கேள்வி: பள்ளிக் கடன் பத்திரத்தை வாக்குச்சீட்டில் ஏற்றிய அனுபவம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள், அதாவது உள்ளாட்சி நிர்வாகப் பகுதிகள், உள்ளன. அங்கே தேர்தலை நேரடியாக நடத்துவது மாநில அரசு அன்று, அந்தந்தக் கவுண்டியின் தேர்தல் அலுவலகமே. ஆனால் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்புகளான பள்ளி மாவட்டங்களின் எல்லைகள் கவுண்டி எல்லைகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நான் நிர்வாகப் பிரிவில் பணியாற்றும் பள்ளி மாவட்டத்தின் பெரும்பகுதி ஒரு பெரிய கவுண்டியிலும், மலைச்சரிவை ஒட்டிய சில சாலைகள் மட்டும் பக்கத்திலுள்ள சிறிய கவுண்டியிலும் அமைந்துள்ளன. பழைய வகுப்பறைகளைச் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தக் கடனைச் சொத்து வரியால் அடைக்க வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்பதென்று 2022ஆம் ஆண்டு எங்கள் நிர்வாகக் குழு முடிவெடுத்தபோது, அந்தக் கேள்வியை நவம்பர் 8 தேர்தலின் வாக்குச்சீட்டில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இத்தகைய முன்மொழிவில் சட்டம் பள்ளி மாவட்டத்தை ஒரே அலகாகத்தான் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டு மாநில வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய 39ஆம் முன்மொழிவின்படி பள்ளிக் கடன் பத்திரத்துக்கு 55 சதவீத ஆதரவு வேண்டும். அது இரண்டு கவுண்டிகளின் வாக்குகளையும் கூட்டி வரும் சதவீதமே தவிர, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எட்ட வேண்டியது அன்று. 2016 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளிலும் ஒரே நாளில் வாக்குக்கு வந்த 'ஏஏ' என்னும் ஈரநில மீட்பு வரியும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை ஒன்பதின் மொத்தத்தில்தான் எட்ட வேண்டியிருந்தது, எட்டியது. ஆனால் சீட்டை அச்சிடுவதும், அஞ்சலில் அனுப்புவதும், எண்ணுவதும் கவுண்டிவாரியாகவே நடக்கின்றன. எங்களுக்கு வேலை வைத்தது இந்த முரண்தான்.

முதலில் முடிவாக வேண்டியது எந்தக் கவுண்டி முன்னின்று நடத்தும் என்பது. வாக்காளர்கள் அதிகமுள்ள கவுண்டி அந்த இடத்தை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் அதில் தகராறு எழவில்லை. தேர்தலுக்கு 88 நாள்களுக்கு முன், அதாவது ஆகஸ்ட் 12க்குள், எங்கள் குழுவின் தீர்மானம் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தேர்தல் அலுவலகங்களில் இதை 'ஈ மைனஸ் 88' ('ஈ' என்பது தேர்தல் நாள்) என்றே சொல்கிறார்கள். கோடைக்கு முன்பே இரு அலுவலகங்களையும் ஒரே தொலைபேசி அழைப்பில் சேர்த்து, நடுநிலை விளக்கவுரையை யார் எழுதுவது, ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை எங்கே தாக்கல் செய்வது, எந்தத் தேதிகள் செல்லும் என்பதையெல்லாம் பேசி முடித்தோம். எல்லாவற்றையும் பெரிய கவுண்டி பெற்றுக்கொண்டு, இறுதிப் படிவத்தை அப்படியே சிறிய கவுண்டிக்கு அனுப்பும் என்று ஏற்பாடாயிற்று. இவை அச்சாகும் வாக்காளர் கையேடு சிறிய கவுண்டியில் அச்சகத்துக்குப் போகும் நாள் பெரிய கவுண்டியின் நாளுக்கு முந்தியது என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவந்தது. சட்டம் தரும் கெடுவைவிட அச்சகம் தரும் கெடுவே கறாரானது என்பேன்.

அதிக நேரத்தை விழுங்கியது கேள்வியின் வாசகம். சீட்டில் அச்சாகும் கேள்வி 75 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் கடன் தொகை, ஆண்டுதோறும் திரட்டப்படும் பணம், வரி விகிதம், அது எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பவை எல்லாம் இடம்பெற்றாக வேண்டும். எந்தக் கட்டடத்துக்காகக் கேட்கிறோம் என்று சொல்ல மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். எங்கள் வரைவை ஓர் அலுவலகம் 75 என்று எண்ணியது, மற்றொன்று 77 என்றது. மாநிலத் தேர்தல் சட்டத்தொகுப்பில் சொற்களை எண்ணுவதற்கென்றே விதி உள்ளது: ஊர்ப்பெயர் எவ்வளவு நீளமானாலும் ஒரே சொல், இலக்கத்தில் எழுதிய எண் ஒரே சொல், அதையே எழுத்தால் எழுதினால் ஒவ்வொன்றும் தனிச்சொல், நிறுத்தக்குறிகள் கணக்கில் சேரா. எங்கள் மாவட்டத்தின் ஊர்ப்பெயரை ஒருவர் மூன்றாக எண்ணியதுதான் வேறுபாட்டுக்குக் காரணம். விதியைத் திரையில் காட்டியதும் சிக்கல் தீர்ந்தது. இருந்தாலும், பின்னர் எவரும் கேள்வி எழுப்ப முடியாதபடி ஒரு பெயரடையை நீக்கிவிட்டோம்.

அடுத்தது எழுத்து. கலிபோர்னியாவில் மாநில முன்மொழிவுகளுக்கு எண்ணும் உள்ளூர் முன்மொழிவுகளுக்கு ஆங்கில எழுத்தும் தரப்படும். எந்த எழுத்தில் தொடங்குவது என்பதைக் கவுண்டிகள் தனித்தனியாகத் தீர்மானிப்பதால், ஒரே கேள்வி ஒரு தெருவில் ஓர் எழுத்தாகவும் அடுத்த தெருவில் வேறோர் எழுத்தாகவும் வந்துவிட வாய்ப்புண்டு. 2020 நவம்பரில் கால்டிரெய்ன் ரயிலுக்கான விற்பனை வரி சான்பிரான்சிஸ்கோ, சான் மத்தேயோ, சாந்தா கிளாரா ஆகிய மூன்று கவுண்டிகளிலும் 'ஆர்ஆர்' என்றே அச்சாகியிருந்ததை நான் உதாரணமாகக் காட்டினேன். இரு கவுண்டிகளின் தேர்தல் பதிவாளர்களும் பேசி, இருவரிடமும் வழங்கப்படாமல் இருந்த ஓர் எழுத்தை எங்களுக்கென ஒதுக்கினார்கள்.

எல்லையைச் சரிபார்ப்பது வெளியாருக்குத் தெரியாத வேலை. தேர்தல் அலுவலகம் தன் வரைபடத்தை வைத்து எந்த வீட்டுக்கு எந்தச் சீட்டு என்று முடிவு செய்கிறது; சொத்து மதிப்பீட்டு அலுவலகமோ வரிப் பகுதிக் குறியீடுகளை வைத்து யாருக்கு வரி என்று முடிவு செய்கிறது. சிறிய கவுண்டியில் ஒரு வளைந்த சாலையின் மேற்புற வீடுகள் வரிப்பட்டியலில் எங்கள் மாவட்டத்திலும், வாக்காளர் வரைபடத்தில் அடுத்த மாவட்டத்திலும் இருந்தன. அப்படியே விட்டிருந்தால் அவர்கள் வாக்களிக்காமலே வரி செலுத்தியிருப்பார்கள். செப்டம்பர் 24க்குள் படைவீரர்களுக்கும் வெளிநாடு வாழ்வோருக்கும் சீட்டுகள் கிளம்பியாக வேண்டும் என்பதால், அதற்கு முன்பே இது திருத்தப்பட்டது நல்லதாயிற்று.

சீட்டை எந்த மொழிகளில் தர வேண்டும் என்பதிலும் இரு கவுண்டிகளின் கடமைகள் வேறு. ஸ்பானிஷ் இரண்டுக்கும் பொது. இருவரும் தனித்தனியாக மொழிபெயர்த்தால் ஒரே கேள்வி இரு வடிவம் பெறும் என்பதால் பெரிய கவுண்டியின் படியையே சிறிய கவுண்டியும் ஏற்றது. பொதுப் பணத்தைப் பிரசாரத்துக்குச் செலவிடக் கூடாது என்று 1976இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து "ஆம் போடலாமா?" என்று கேட்ட பெற்றோர்களுக்கு விவரம் மட்டுமே சொன்னோம்.

தேர்தல் இரவில் எங்கள் முடிவு எந்த இணையப் பக்கத்திலும் முழுமையாக இல்லை. ஒவ்வொரு கவுண்டியும் தன் பங்கை மட்டும் வெளியிடும். கூட்டிப் பார்ப்பது நம் வேலை. தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்று ஏழு நாள்களுக்குள் வந்துசேரும் சீட்டுகளும் செல்லும் என்பதால் கணக்கு பல நாள் நகர்ந்துகொண்டே இருந்தது. பெரிய கவுண்டி அடிக்கடி புதுப்பித்தது, சிறியது எப்போதாவதுதான். ஆதரவு 55ஐத் தாண்டி நின்றாலும், இரு கவுண்டிகளின் சான்றளிப்பும் முடியும்வரை நிர்வாகக் குழு எதையும் அறிவிக்கவில்லை.

சிறிய கவுண்டி தன் சான்றிதழைப் பெரிய கவுண்டிக்கு அனுப்ப, அங்கே இரண்டையும் கூட்டிய ஒரே அறிக்கை டிசம்பரில் எங்களிடம் வந்தது. குழு அதைத் தீர்மானமாகப் பதிவு செய்து, வரியை விதிக்கும்படி இரு கவுண்டிகளுக்கும் படிகளை அனுப்பியது. தேர்தல் செலவுக்கான கட்டணச் சீட்டுகளும் இரண்டாகவே வந்தன. வாக்காளர் தலைக்குக் கணக்கிட்டால் சிறிய கவுண்டியின் கட்டணமே அதிகம். சில சாலைகளுக்காகத் தனிச்சீட்டு வகை அச்சிட வேண்டியிருந்ததால் அது எதிர்பார்த்ததுதான்.