இன்ஜினியரிங்கா, ஃபைனான்ஸா: முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி

இன்ஜினியரிங் எடுக்கட்டுமா ஃபைனான்ஸ் எடுக்கட்டுமா என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: செய்து முடித்த வேலை சரியா தப்பா என்பது உங்களுக்கு எப்படித் தெரிய வேண்டும்? பலர் முழிக்கிறார்கள். கணக்கு வருமா, சம்பளம் என்ன, வேலை கிடைக்குமா என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அவையும் கேட்க வேண்டியவைதான், ஆனால் அவற்றை வைத்து இந்த இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. இரண்டுக்குமே கணக்கு வேண்டும், இரண்டிலுமே நன்றாகச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் படித்து, சில வருடம் டிசைன் வேலை பார்த்து, பிறகு மின்நிலையம், சாலை போன்ற பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வேலைக்கு வந்தவன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில், அன்றாட வாழ்க்கையை அதிகம் மாற்றுகிற வித்தியாசம் நான் கேட்கும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

டிசைன் மேசையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஒன்று, அதைத் தாங்கிச் சுழலவிடும் ஒரு பேரிங் அதன் மேல் உட்கார வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தை வெறும் 40 என்று எழுதிவிட்டுப் போக முடியாது. ஷாஃப்டை 40-ஐ விட 2 மைக்ரானிலிருந்து 18 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக வைக்கலாம் என்று அட்டவணை சொல்லும் (கே6 என்று வரைபடத்தில் குறிப்போம்). தளர்வாக விட்டால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல மெல்ல நழுவித் தேய்த்துவிடும், ரொம்ப இறுக்கினால் பேரிங்குக்குள் இருக்க வேண்டிய இடைவெளி போய்ச் சூடாகிவிடும். இந்தச் சின்ன இடத்துக்காக அரை நாள் போகும், சுமை எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு சூடாகும் என்று பார்த்துப் பார்த்து. அப்புறம் பொருள் தயாராகி வரும், மாட்டுவார்கள், ஓட்டுவார்கள். சூடானால் நீங்கள் தப்பு, ஓடினால் சரி. உங்கள் பேச்சுத் திறமைக்கு அங்கே இடமே இல்லை. எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இதன் மறுபக்கம் கனமானது. 1981 ஜூலையில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் உள்ளே தொங்கிக்கொண்டிருந்த இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலே ஒரு பாலம், அதற்கு நேர் கீழே இன்னொன்று. கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கும் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு நட்டை நடுவரை ஏற்றுவது சிரமம் என்பதால் அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலம் வரை, மற்றொன்று மேல் பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை. படத்தில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் முன்பு மேல் பாலத்தின் நட்டு மேல் பாலத்தை மட்டும் தாங்கியது, மாற்றத்துக்குப் பிறகு கீழ்ப் பாலத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாயிற்று, அதாவது சுமை இரட்டிப்பு. முதல் திட்டமே விதிப்படி இருக்க வேண்டிய பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். இன்ஜினியரிங் எடுக்கப்போகிற ஒவ்வொரு மாணவரும் அந்த இரண்டு அமைப்பையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு நட்டிலும் எவ்வளவு விசை வருகிறது என்று தானே எழுதிப் பார்க்க வேண்டும். பள்ளி இயற்பியல் போதும். அதைப் போட்டுப் பார்த்தபோது உங்களுக்கு ஆர்வமா வந்தது, சலிப்பா வந்தது என்பதே உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

இப்போது ஃபைனான்ஸ். ஒரு நிறுவனத்தின் மதிப்பு என்ன என்று எக்செல்லில் கணக்குப் போடுகிறீர்கள். அடுத்த வருடம் அது 100 ரூபாய் ரொக்கம் ஈட்டும், அதற்குப் பிறகு வருடா வருடம் 2 சதவீதம் வளரும், நமக்கு வேண்டிய வருவாய் விகிதம் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ஐ 9-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசமான 7 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 1,429 ரூபாய் வரும். சரி, வளர்ச்சி 2 இல்லை, 3 சதவீதம் என்று ஒரே ஒரு செல்லை மாற்றுங்கள். 1,667 ஆகிவிடும். ஒரு சதவீதப் புள்ளியில் மதிப்பு ஆறில் ஒரு பங்கு ஏறிவிட்டது. 2-ஆ 3-ஆ என்பதை எந்த அட்டவணையிலும் பார்க்க முடியாது. அந்தத் தொழிலைப் பற்றி, போட்டியாளர்களைப் பற்றி, அதை நடத்துகிறவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் அந்த எண். அதை நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து நியாயப்படுத்த வேண்டும், அவர்களில் ஒருவர் 1 சதவீதம்தான் என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

அப்புறம் முடிவு தெரிய வருடங்கள் ஆகும், தெரிந்தாலும் முழுதாக நம்ப முடியாது. லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிதியம் 1994-இல் தொடங்கியது. 1995, 1996 இரண்டு வருடமும் 40 சதவீதத்துக்கு மேல் லாபம் கொடுத்தது. அதில் பங்காளிகளாக இருந்த ராபர்ட் மெர்ட்டனுக்கும் மைரன் ஷோல்ஸுக்கும் 1997-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்த பிறகு சில வாரங்களில் நிதியம் சரிந்து, 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டியிருந்தது. அப்படியானால் 1996-இல் அவர்கள் எடுத்த முடிவுகள் சரியா தப்பா? லாபம் வந்ததால் மட்டும் சரி என்று சொல்ல முடியாது. மிதமிஞ்சிய கடனில் நடந்த ஆட்டம் அது, ஆபத்து அன்றைக்கும் உள்ளேதான் இருந்தது. நேர்மாறாகவும் நடக்கும்: எல்லாவற்றையும் பார்த்து, ஒழுங்காகக் கடன் கொடுத்திருப்பீர்கள், யாரும் எதிர்பாராத ஏதோ ஒன்றால் திட்டம் படுத்துவிடும். உங்கள் வேலை நல்ல வேலைதான், முடிவு மட்டும் கெட்டது. இதைத் தாங்கி, அடுத்த நாள் அதே நிதானத்தோடு இன்னொரு கோப்பைத் திறக்க முடிகிறவர்களுக்கு ஃபைனான்ஸ் அருமையான துறை. முடியாதவர்களை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும்.

என் அக்கா மகள் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, அப்போ ஃபைனான்ஸ்ல எல்லாமே குத்துமதிப்புதானா?" என்றாள். இல்லவே இல்லை. எது தெரியும், எது தெரியாது, தெரியாததற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பிரித்து வைப்பதில் ஒரு கறாரான ஒழுங்கு இருக்கிறது. நல்ல கடன் ஆய்வாளர் ஒருவர் வருமானம் இத்தனை சதவீதம் குறைந்தாலும் தவணை கட்ட முடியுமா, கட்டுமானம் ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று தன் கணக்கைத் தானே உடைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்ஜினியரிங்கில் தேவையான பலத்தைவிட இத்தனை மடங்கு கூடுதலாக இருக்கட்டும் என்று பாதுகாப்புக் காரணி வைக்கிறோமே, அதே மனப்பான்மைதான். ஒருவேளை அதனால்தான் இன்ஜினியரிங் படித்த நிறையப் பேர் இங்கே வந்து நன்றாகவும் செய்கிறார்கள்.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இன்ஜினியரிங் எடுத்துவை, பிறகு ஃபைனான்ஸுக்குப் போய்க்கொள்ளலாம்" என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. பாதி உண்மை. இன்ஜினியரிங்கிலிருந்து ஃபைனான்ஸுக்குப் போவது சுலபம், ஃபைனான்ஸிலிருந்து இன்ஜினியரிங்குக்குப் போவது மிகவும் கஷ்டம். ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைச் சமன்பாட்டின் மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் அது வெப்பம் பரவும் சமன்பாடாகவே ஆகிவிடும். இன்ஜினியரிங் மாணவர்கள் அதை ஏற்கெனவே ஒரு உலோகத் தண்டை வைத்துப் படித்திருப்பார்கள். கணக்குப்பதிவியலையும் பங்குப் பத்திர மதிப்பீட்டையும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ சான்றிதழுக்கு மூன்று நிலைத் தேர்வு, வேலையில் இருந்தபடியே பலர் எழுதுகிறார்கள். எதிர்த் திசையில் அப்படி இல்லை. ஆய்வகம், வரைபடம், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பாடங்கள், பல நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால்தான் பொறியாளர் உரிமம். முப்பது வயதில் மாலை நேரத்தில் உட்கார்ந்து இதைப் பிடித்துவிட முடியாது.

இருந்தாலும், பிடிக்காத இன்ஜினியரிங்கை வெறும் காப்புக்காக எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் கதவு எல்லாருக்கும் திறப்பதில்லை, பாடத்தில் ஆழமாக இறங்கி நல்லபடியாகப் படித்தவர்களுக்குத்தான் சுலபமாகத் திறக்கிறது. தெர்மோடைனமிக்ஸைக் கடனே என்று படித்து அரியர் வைத்துக்கொண்டிருக்கிற மாணவரைவிட, நிறுவனக் கணக்குகளை விரும்பிப் படித்த வணிகவியல் மாணவர் ஃபைனான்ஸ் நேர்காணலில் பல படி மேலே நிற்பார்.

சம்பளம் பற்றி ஒன்றிரண்டு வரி. ஃபைனான்ஸில் மேலே இருக்கிற சிலருக்கு வருவது கண்ணைப் பறிக்கும், அதில் பெரும்பகுதி போனஸ், சந்தை படுத்தால் அதுவும் படுக்கும். முதலீட்டு வங்கியில் ஆரம்ப வருடங்களில் தூக்கம் என்பதே அரிது. ஆனால் ஃபைனான்ஸ் என்றால் முதலீட்டு வங்கி மட்டும் இல்லை. தணிக்கை, காப்பீடு, கடன் ஆய்வு, ஒரு தொழிற்சாலையின் நிதிப் பிரிவு எல்லாம் சேர்ந்ததுதான். அதே போல இன்ஜினியரிங்கில் டிசைன் மேசையும் இருக்கிறது, இரவு ஷிஃப்டில் பராமரிப்பும் இருக்கிறது, வெயிலில் சைட்டும் இருக்கிறது. துறையின் பெயரைப் பார்த்துக் கனவு காணாமல், அதில் எந்த வேலை என்று ஒரு படி இறங்கிப் பாருங்கள்.

இரண்டும் உரசிக்கொள்ளும் இடங்களை மாணவர்கள் அதிகம் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய மென்பொருளைப் போடாமல் விட்டிருந்தார்கள், அதில் பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாக ஆர்டர் போட்டது. அது சந்தையைத் தப்பாகக் கணித்ததால் வந்த நஷ்டம் அல்ல, சுத்தமான இன்ஜினியரிங் தவறு. என் வேலையிலும் அப்படித்தான்: காற்றாலைத் திட்டத்துக்குக் கடன் கேட்டு வந்தால், கியர்பாக்ஸ் எப்போது பழுதாகும் என்பது தெரிந்தால்தான் பதினைந்தாவது வருடத் தவணை வருமா என்று சொல்ல முடியும். இரண்டிலும் மனசு இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி இடங்கள் நிறைய இருக்கின்றன.

முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்து பாருங்கள், காசு செலவில்லை. முதலாவது, உங்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். லாப நஷ்டக் கணக்கில் நிகர லாபம் எவ்வளவு, ரொக்க ஓட்ட அறிக்கையில் தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு என்று ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போய் ரொக்கம் மட்டும் ஏறாமல் நின்றால், பணம் எங்கே மாட்டிக்கொண்டது? வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கியிலா, விற்காத சரக்கிலா? பின்னால் இருக்கும் குறிப்புகளில் தேடுங்கள். இரண்டாவது, பழுதாகிக் கிடக்கிற ஏதாவது ஒரு சின்ன இயந்திரத்தைக் கழற்றி, அதில் ஒரே ஒரு பாகத்தை எடுத்து, அந்தப் பொருளைப் பார்க்காதவரும் செய்துவிடும்படி எல்லா அளவுகளோடும் வரையுங்கள். வரைந்ததும், இதில் எந்த அளவு கொஞ்சம் மாறினால் பரவாயில்லை, எது மாறவே கூடாது, ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டில் எதில் விடை கிடைத்த பிறகும் நிறுத்தாமல் தோண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று பாருங்கள்.

அப்புறம், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, இரண்டு துறையிலும் மூன்று நான்கு வருட அனுபவம் உள்ளவர்களைப் பிடித்துப் பேசுங்கள். பெரிய பதவிக்காரர்கள் வேண்டாம், அவர்களுக்கு ஆரம்ப வருடங்கள் மறந்திருக்கும். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள், அதனால் கடைசியாக அவர்களுடைய எந்த வேலை திரும்பி வந்தது, என்ன காரணம் என்று கேளுங்கள். போல்ட்டை இறுக்க ஸ்பேனர் நுழைய இடம் விடவில்லை என்று வரைபடம் திரும்பி வந்ததாக ஒருவர் சொல்வார். விற்பனை 8 சதவீதம் வளரும் என்று போட்டிருக்கிறாயே, எதை வைத்து என்று கேட்டு மதிப்பீடு திரும்பி வந்ததாக இன்னொருவர் சொல்வார். அந்தத் திருத்தங்களில் எதை நீங்கள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து செய்வீர்கள் என்று அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.