தொட்டி எத்தனை லிட்டர்?

பேச்சு வராத, அல்லது தாமதமாக வருகிற குழந்தைகளோடு வேலை செய்பவள் நான். வடசென்னையில் ஒரு சின்னப் பயிற்சி மையம். இரண்டு வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், காது சரியாகக் கேட்காதவர்கள், காரணம் இன்னும் பிடிபடாதவர்கள். பயிற்சி அறைகளில் பொம்மை, பட அட்டை, சோப்புக் குமிழி ஊதும் குழல் எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனால் வெளிக்கூடத்தில் இருக்கும் மீன் தொட்டி செய்கிற வேலையை இவற்றில் எதுவுமே செய்து நான் பார்த்ததில்லை.

பேச்சுக்கு முன்னால் வர வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை ஒரு பொருளைப் பார்க்கும், திரும்பிப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும், மறுபடி பொருளைப் பார்க்கும். 'நீயும் பார்த்தியா?' என்று கண்ணாலேயே கேட்பது அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டித் தானாக வந்துவிடும். எங்களிடம் வருகிற பலருக்கு அதை வரவழைப்பதுதான் முதல் வேலை. பொம்மை நான் ஆட்டினால்தான் ஆடும். மீன் அப்படியில்லை, அது தன்பாட்டுக்குச் செடிக்குப் பின்னால் போகும், நினைக்காத பக்கத்தில் வெளியே வரும். அப்போது பிள்ளை சட்டென்று திரும்பி நம் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு அது பெரிய விஷயம்.

தீனி போடுவதிலும் ஒரு பயிற்சி இருக்கிறது. டப்பாவை இறுக்கி மூடிக் கையில் கொடுப்போம். பிள்ளையால் திறக்க முடியாது. யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். கையை நீட்டலாம், 'தா' என்னலாம், 'தொற' என்னலாம், எதுவானாலும் சரி. திறந்ததும் ஒரே ஒரு உருண்டை. அடுத்ததற்கு மறுபடி கேட்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் வாய்திறந்து முதலில் எதையாவது கேட்டது அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுதான்.

தொட்டியில் இருந்தவை இரண்டு கோல்ட் பிஷ். ஒன்று ஆரஞ்சு நிற ஒராண்டா, மற்றது கண் துருத்திய பிளாக் மூர். பிள்ளைகளுக்கு அவை ஆரஞ்சும் கறுப்பும். பெரிய உடம்பு, மெதுவான நீச்சல், எப்போதும் திறந்து மூடும் வாய். தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஒரு விடுமுறையின்போது கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்ய ஆள் வந்தார்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியவர்கள், கூடத்தில் இருந்த மீன் தொட்டியையும் சேர்த்தே கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் சொல்லாமல் செய்த வேலை, ஆனால் நல்ல எண்ணத்தில் செய்தது. மையம் திறந்த அன்று கண்ணாடி அப்படிப் பளபளத்தது. கூழாங்கல் ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. வடிகட்டியின் கறுத்துப்போன ஸ்பாஞ்ச் கூட வெளுத்திருந்தது. பெற்றோர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மீனும் மேலே வந்து நீர்மட்டத்தில் வாயை வைத்து வைத்து எடுத்தன.

மீன் வளர்ப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போதே விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீன் விடுகிற கழிவிலும், செவுள் வழியாகவும் அமோனியா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதே தண்ணீரில்தான் அது மூச்சும் விட வேண்டும். தொட்டியைக் காப்பாற்றுவது நாம் இல்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ள சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அவ்வளவு நாள் ஓடிச் சேர்ந்த உயிரைத்தான் ப்ளீச்சிங் பவுடர் ஒரே கழுவலில் கொன்றிருந்தது. கார நீரிலும் வெயில் சூட்டிலும் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும். சென்னைக்கு இரண்டுமே பொருந்தும்.

அன்றைக்கு எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. வகுப்புகளைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டுக் கொளத்தூருக்கு ஓடினேன். வண்ண மீன் என்றால் நாடு முழுக்க வியாபாரிகளுக்குத் தெரிந்த ஊர் அது. தெருத் தெருவாகக் கடைகள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், தெர்மாகோல் பெட்டிகள், ரப்பர் பேண்ட் போட்டு உப்பிய பைகளில் மீன்கள். மொட்டை மாடியில் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைப்பதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. நான் நுழைந்த கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். மீன் மேலே வந்து திணறுகிறது என்றதும் ஒரு நீல மருந்தையும் பாக்டீரியா பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

பக்கத்தில் மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா முட்டை டப்பா வாங்க நின்றிருந்த ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தொட்டி எத்தனை லிட்டர்?"

நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று எதுவும் கேட்கவில்லை. மூன்றடித் தொட்டி என்றேன். உயரம், அகலம் கேட்டு மனக்கணக்காக "120க்கு மேல வரும்" என்றார். என்ன மீன், எவ்வளவு பெரிசு, தொட்டி ஓடி எவ்வளவு காலம், மெட்ரோ தண்ணியா போர் தண்ணியா, கடைசியாக யார் கை வைத்தது, ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவினார்களா, மீன் தீனிக்கு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். விசாரணை மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் என் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கேள்விகள் முடிந்ததும் கடைக்காரரிடம், "நீல மருந்து வேணாம்பா, மிச்சம் மீதி பாக்டீரியா இருந்தா அதுவும் போயிடும்" என்றார். கடைக்காரர் உடனே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவரும் நல்ல மனிதர்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிற பெற்றோர்கள் அதற்கு முன் ஒரு வருஷமாவது ஆறுதல் கேட்டுக் களைத்துப் போய்த்தான் வருகிறார்கள். ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும் என்பார்கள். வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பதில்லை. எதைப் பார்த்தால் சிரிக்கிறான், தண்ணீர் வேண்டும் என்றால் என்ன செய்கிறான், கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானா என்று நாங்கள் கேட்கத் தொடங்கும்போது அம்மாக்கள் பலருக்குக் கண் கலங்கிவிடும். கேள்வி ஏன் அழவைக்கிறது என்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது. சரியான கேள்வி கேட்பவர் நம் பாரத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார் என்று அர்த்தம்.

பெரியவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு இரண்டு தெரு தள்ளி. "வாம்மா, ஓடுற ஸ்பாஞ்ச் தரேன்" என்று முன்னால் நடந்தார். வாசலில் அவர் மனைவி மோர் கொடுத்தார். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரே மோட்டாரிலிருந்து எல்லாவற்றுக்கும் காற்றுக் குழாய் போகிறது. ஏஞ்சல் மீன் குஞ்சுகள் கடுகு தூவிய மாதிரி கண்ணாடியோரம் நின்றன. வளர்ந்த மீன்கள் இருந்த ஒரு தொட்டியில் கையை விட்டு, கறுத்து வழுவழுத்துப் போன ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டியை அலுங்காமல் எடுத்து, அதே தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டார். இன்னொன்றை எடுத்து வேறொரு பைக்குள் பிழிந்தார். டீ டிகாஷன் நிறத்தில் இறங்கியது. "பார்க்க அழுக்கு. இதுதான் உயிர். இதை உன் தொட்டிக் கல்லு மேல ஊத்திடு." பையின் வாயைக் கட்டவில்லை. அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அடைத்து வைத்தால் செத்துவிடும், வழியில் எங்கேயும் நிற்காதே என்றார்.

அவர் கொடுத்ததன் மதிப்பு எனக்குப் பிறகுதான் விளங்கியது. புது ஸ்பாஞ்ச் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஓடி ஊறிய ஸ்பாஞ்சை யாரும் விற்பதில்லை. மாதக்கணக்கில் ஒருவர் பார்த்துப் பார்த்து ஓட்டிய தொட்டியின் காலம் அதில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் கொடுத்தவர் தொட்டியும் சில நாள் தள்ளாடும். பணம் என்று நான் வாயெடுத்ததும், "முதல்ல போய் மீனைப் பாரு" என்று கிளப்பிவிட்டார்.

கிளம்பும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். பாதித் தண்ணீர் மாற்று. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கும் மருந்து கட்டாயம். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு. இரண்டு நாள் தீனி கிடையாது. உப்பு எதற்கு என்று கேட்டேன். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், உப்பில் இருக்கும் குளோரைடு அந்த வழியை அடைத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கினார். தன்னுடைய அமோனியா சோதனைக் குப்பிகளையும் பையில் போட்டுவிட்டார்.

கறுப்பு பிழைக்கவில்லை. மறுநாள் காலை செடியடியில் கிடந்தது. ஆரஞ்சு மெல்ல மெல்லத் தேறியது.

தீனி இல்லாத நாட்களில் பிள்ளைகளை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு அடுத்த கவலை. டப்பாவைத் தேடி அழுதவர்கள் உண்டு. அப்போது கைகொடுத்தது அந்தச் சோதனைக் குப்பிதான். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை எண்ணி விட்டு, குலுக்கி, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அமோனியா இல்லை. பச்சை கூடக் கூட ஆபத்து. பிள்ளைகள் பக்கத்தில் வராமல் மருந்தை நானே விடுவேன், குழாயை மூடிக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். 'ஒண்ணு, ரெண்டு' என்று சொட்டை எண்ணுவது, காத்திருப்பது, நிறம் சொல்வது என்று ஒரு வகுப்பே அதற்குள் அமைந்துவிட்டது. வார்த்தைகள் இருந்தும் யாரிடமும் எதுவும் கேட்காத ஒரு பையன் இருந்தான். அவன் குழாயைப் பார்த்து "பச்ச" என்றான். பிறகு தொட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "கறுப்பு?" என்று குரலை ஏற்றிக் கேட்டான். அவன் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கறுப்பு செத்துப்போச்சு கண்ணா என்று உண்மையைத்தான் சொன்னேன்.

குப்பிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் செத்தது என்றதும் முதலில், "அன்னிக்கு ரீடிங் என்ன காட்டுச்சு?" என்றார். சொன்னேன். "அது ரொம்ப அதிகம்மா. நீ வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு முடிஞ்சிருக்கும்" என்றார். பையன் கேட்டதைச் சொன்னபோது பேசாமல் மனைவியைப் பார்த்தார். மனைவி மறுபடி விவரமாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

குப்பிகளை வாங்கிக்கொள்ளவில்லை. பச்சை மஞ்சள் பார்க்கப் பிள்ளைகளுக்கு வேணும்ல என்றுவிட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். கோல்ட் பிஷ் நன்றாக வளரக்கூடியது, கழிவும் அதிகம், மூன்றடித் தொட்டியில் இரண்டாவதைப் போடக் கூடாது என்றார். நாலடித் தொட்டி வாங்கினால் சொல், அதற்கு ஊறவைத்த ஸ்பாஞ்ச் என் பொறுப்பு என்றார். நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதில் தொட்டி எத்தனை லிட்டர் வேண்டும் என்பதையும், சுத்தம் செய்ய வருகிறவர்கள் கூடத்துத் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்பதையும் தெளிவாக எழுதியிருக்கிறேன்.