இருபத்திரண்டு தீர்த்தமும் எட்டு வழியும்

பரமக்குடியில் ராமேஸ்வரம் ரயில் ஏறி உட்கார்ந்ததும் மகள் மார்க் கதையை ஆரம்பித்துவிட்டாள். ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். புத்தரின் எண்வழிப் பாதையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஆறு எழுதிவிட்டு நின்றுவிட்டாள். "வெளியில வந்து கேட்டா எல்லாரும் எட்டு எழுதியிருக்காங்கப்பா. நல்வாழ்க்கையும் நற்கடைப்பிடியும் எனக்கு மட்டும் வரவே இல்ல."

சரி, விடு என்றேன். மனசுக்குள் நானும் எண்ணிப் பார்த்தேன். நற்காட்சி, நல்லெண்ணம், நற்பேச்சு, நற்செயல்... அதற்கு மேல் எனக்கும் ஓடவில்லை. நன்முயற்சி, நல்லமைதி என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நாங்கள் போனது புத்தரைத் தேடி இல்லை. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்னி தீர்த்தத்தில் திதி கொடுத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ராமநாத சுவாமியைத் தரிசித்து வருவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முட்டிவலி, வரவில்லை. "கோடி தீர்த்தம் மட்டும் ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வாப்பா" என்று சொல்லி, கழுவிக் காயவைத்த ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் செருகியிருந்தார்.

ராத்திரி தங்கிய விடுதியில் விடியற்காலை வெந்நீர் வரும் என்றார்கள். வரவில்லை. எப்படியும் கடலில் முழுகப் போகிறவனுக்கு வெந்நீர் எதற்கு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்னி தீர்த்தக் கரையில் விடியும் முன்பே கூட்டம். பிண்டம், தர்ப்பைப் புல், எள், ஒரு பித்தளைச் சொம்பு. புரோகிதர் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் கேட்டார். பூட்டன் பெயரைக் கேட்டபோது நான் விழித்தேன். அவருக்கு அது பழக்கம் போல, நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். எள்ளும் தண்ணீரும் விரல் இடுக்கில் வழியும்போது மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தாத்தாவுக்குப் போய்ச் சேருமா?" என்று அங்கேயே கேட்டுவிட்டாள். "சேரும் பாப்பா" என்றார் புரோகிதர்.

கரையேறியதும் அடுத்த கேள்வி. "புத்தர்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

பாடப்புத்தகம் இந்த இடத்துக்கு வராது. மாலுங்கியபுத்தர் என்று ஒரு சீடர் இருந்தார். உலகம் அழியுமா அழியாதா, உயிரும் உடம்பும் ஒன்றா வேறா, ஞானி இறந்தபின் இருக்கிறாரா இல்லையா, இதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் உங்களோடு இருப்பேன் என்று புத்தரிடம் மல்லுக்கு நின்றார். அதற்குப் புத்தர் ஒரு கதை சொன்னார். விஷ அம்பு தைத்தவன் ஒருவன், அம்பு எய்தவன் என்ன குலம், நெட்டையா குட்டையா, வில்லின் நாண் எதில் திரித்தது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றானாம். தெரிந்துகொள்ளும் முன்பே செத்துப்போவான். நான் அம்பைப் பிடுங்க வந்தவன் என்பதுதான் புத்தரின் பேச்சு.

"அப்ப சேராதுன்னு சொல்லலையா?"

"சேரும்னும் சொல்லல."

அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். மாறாமல் நிலைத்து நிற்கும் ஆன்மா என்று ஒன்றை அவர் ஏற்கவில்லை. வினை உண்டு, மறுபிறவி உண்டு என்று சொன்னார். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பௌத்தர்கள் செத்தவர்களை நினைத்துப் பிக்குகளுக்கு அன்னதானம் செய்து, அந்தப் புண்ணியம் போனவர்களுக்குப் போகட்டும் என்று தண்ணீர் வார்க்கிறார்கள். அதைச் சொன்னதும் "அங்கயும் தண்ணியா?" என்றாள்.

கோயிலுக்குள் போனோம். தீர்த்தமாடுவது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றுச் சுவர் மேல் ஒருவர் நிற்பார். கயிறு கட்டிய வாளியை ஒரே வீச்சில் இறக்கி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, கீழே வரிசையாக நிற்கும் தலைகளில் சரிப்பார். மொத்தம் ஐந்து விநாடி. மூச்சு வாங்குவதற்குள் "போங்க போங்க, அடுத்தது" என்று குரல் வரும். ஈரத் துணியோடு ஓட வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தத்தில் முடியும். சுற்றிலும் உப்புக் கடல், உள்ளே கிணற்றில் நல்ல தண்ணீர். ஒவ்வொன்றும் ஒரு சூடு, ஒரு ருசி. மகள் உதட்டில் வழிந்ததையெல்லாம் நக்கிப் பார்த்து, இது இனிப்பு, இது லேசா சவர் என்று கணக்கு வைத்துக்கொண்டே வந்தாள்.

பத்தாவதோ பதினொன்றாவதோ கிணற்றுக்குப் போகும் வழியில் நான் வழுக்கினேன். காலங்காலமாகத் தண்ணீர் ஓடி வழவழத்த கல். என் நினைப்பு பூராவும் விடுதியில் விட்டுவந்த பர்ஸ் மேல். முழங்கை சிராய்த்துவிட்டது. பின்னால் வந்த வடநாட்டுப் பாட்டி ஒருவர், எழுபது வயசிருக்கும், "ஜெய் ஸ்ரீராம்" என்று சொல்லிக்கொண்டே தரையைப் பார்த்து அடி மேல் அடி வைத்து என்னைத் தாண்டிப் போனார்.

ஈரம் மாற்றி, ராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்மனையும் கும்பிட்டு, மூன்றாம் பிரகாரத்துத் தூண்களுக்கு நடுவே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. சந்நிதியில் நின்ற அந்த அரை நிமிஷத்தில் அப்பா முகம் வந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

வெளியே வந்து மகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். திதி என்பதால் மதியம் வரை எனக்குப் பட்டினி. "நீ விட்ட ரெண்டுல ஒண்ணை நான் இன்னைக்குக் காலையில விட்டேன்" என்று முழங்கையைக் காட்டினேன். நற்கடைப்பிடி என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. நடக்கும்போது நடக்கிறோம் என்று தெரிந்து நடப்பது, மூச்சு விடும்போது மூச்சைக் கவனிப்பது. நான் கல்லில் நடந்துகொண்டே பர்ஸில் இருந்தேன். அவள் சட்னியைத் தொட்டபடி, "அப்ப அந்தப் பாட்டிக்கு முழு மார்க்" என்றாள்.

பட்டினி என்றதும் சித்தார்த்தர் கதை தானாக வந்தது. 29 வயதில் வீட்டை விட்டுப் போனவர், ஆறு வருஷம் உடம்பை வாட்டினார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு இளைத்தாராம். அரண்மனையில் தின்று தீர்த்தும் பதில் கிடைக்கவில்லை, தின்னாமல் கிடந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டார். கூட இருந்த ஐந்து பேர், இவர் சுகத்துக்கு மாறிவிட்டார் என்று விட்டுப் போனார்கள். 35 வயதில் புத்தகயாவில் அரசமரத்தடியில் ஞானம் பெற்றதும், அந்த ஐந்து பேரையே தேடிச் சாரநாத் போய்த்தான் முதல் உபதேசம் செய்தார். அதில் முதல் பேச்சே இரண்டு ஓரத்துக்கும் போகாத நடுவழி பற்றியது. "நீங்க இன்னைக்கு எந்த ஓரம்?" என்று கேட்டுவிட்டு, அவள் இன்னொரு இட்லி சொன்னாள்.

மதியச் சாப்பாடு முடித்துத் தனுஷ்கோடிக்கு வேன். கோதண்டராமர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். அப்புறம் 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் தின்ற ஊர். கூரை போன தேவாலயம், ரயில் நிலையச் சுவர், எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடங்கள். நாங்களும் எடுத்தோம்.

மார்கழி வெயில்தான், ஆனாலும் மணலில் நடந்ததும் மகளுக்குத் தாகம். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் காலி. பையில் இருந்தது கோடி தீர்த்தம், அதைத் தொடக் கூடாது. "இவ்வளவு தண்ணி இருக்கு, குடிக்க ஒரு வாய் இல்ல" என்று கடலைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தாகம் கூடும் என்று அறிவியல் பாடத்திலிருந்து சொன்னாள்.

ஒரு குடிசைப் பக்கம் போய்க் கேட்டோம். அந்த வீட்டு ஆத்தா எங்களை மணலில் இருந்த குழிக்குக் கூட்டிப் போனார். ஓர் ஆள் குனிந்தால் கை எட்டும் ஆழம், அவ்வளவுதான். ஊற்று. அடியில் தெளிந்து நின்ற தண்ணீரைச் சிரட்டையில் கலங்காமல் மொண்டு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர். மகள் ஒரே மூச்சில் குடித்தாள்.

நான்கு பேருண்மைகளை அந்தக் குழி ஓரத்தில்தான் சொன்னேன். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று நாம் சின்ன வயசிலிருந்து சொல்கிறோமே, பாலி மொழியில் அந்த ஆசைக்கு அவர் சொன்ன சொல் தண்ஹா. நேர் அர்த்தம் தாகம். தமிழில் வேட்கை, நீர்வேட்கை என்றால் தாகம்தானே. மணிமேகலையும் இதே சொல்லைத்தான் எடுக்கிறது: துன்பம் உண்டாகும் பன்னிரண்டு படிகளில் வேட்கைக்கு அடுத்த படி பற்று. தவிப்பு இருக்கிறது என்பது முதல் உண்மை. வேட்கையால் வருகிறது என்பது இரண்டாவது. அது அடங்கும் என்பது மூன்றாவது; இதைப் பலரும் மறந்துவிட்டு, புத்தர் ஏதோ அழுமூஞ்சி என்று நினைக்கிறார்கள். அடங்குவதற்கு வழி இருக்கிறது என்பது நான்காவது, உன் எட்டும் அதற்குள்தான். "கடல் தண்ணியக் குடிச்சுத் தாகத்தைத் தீர்க்கப் பாக்குறோம்னு சொல்றாரா?" என்றாள். இதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னது.

கரையில் ஒருவர் தெர்மாகோல் மிதவையில் வந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் தெப்ப உவமை நினைவுக்கு வந்தது. ஆற்றைக் கடக்கக் கிளையும் புல்லும் சேர்த்துத் தெப்பம் கட்டினவன், அக்கரை சேர்ந்ததும் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைவானா? என் போதனையும் அப்படித்தான், கடப்பதற்கு, சுமப்பதற்கு அல்ல என்றார் புத்தர். நான் சொல்லி வாய் மூடவில்லை, அந்த அண்ணன் மிதவையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏன் அண்ணே தூக்கிட்டுப் போறீங்க என்று கேட்டேன். "விட்டா நாளைக்கு இருக்காது சார்."

அவர் கையில் இருந்த பையில் நாலைந்து மீன் துடித்துக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, அவர் போனபின் மெதுவாகக் கேட்டாள். "நல்வாழ்க்கைன்னா உயிரைக் கொல்லாத தொழில்னு மிஸ் சொன்னாங்க. அப்ப இவரு?" ஆயுதம், உயிர், இறைச்சி, போதை, விஷம் இந்த ஐந்தையும் விற்றுப் பிழைக்க வேண்டாம் என்று புத்தர் சொன்னது உண்மை. ஐந்து சீலம் என்ற ஒழுக்கங்களில் கொல்லாமைதான் முதல். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. இன்னொரு பக்கம், நேற்று வீட்டில் நாங்கள் தின்ற விளைமீனைப் பிடித்தவர் இவர் மாதிரி ஒருவர். பாவம் அவருக்கு, குழம்பு எனக்கு என்று பிரிக்க முடியுமா? தெரியலைத்தா என்றேன். அவள் பரீட்சைக்கு மறந்ததை இனி மறக்க மாட்டாள் என்று மட்டும் பட்டது.

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண்கடல், ஒரு பக்கம் அமைதியான பெண்கடல் என்பார்கள். எதிரே தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மட்கல ஓடுகள் கிடைத்தன. அவ்வளவு கப்பல் போன கடல். மணிமேகலையில் வரும் மணிபல்லவத் தீவும் இந்தப் பக்கத்துக் கடலில்தான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நயினாதீவுதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைக்கு அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன. மணிபல்லவத்தில் இருந்த பீடிகைக்காக, அதாவது ஓர் ஆசனத்துக்காக, இரண்டு நாக அரசர்கள், என்னுடையது உன்னுடையது என்று அடித்துக்கொள்ள, புத்தர் வந்து இருவரையும் அடக்கி அறம் சொன்னார் என்பது கதை.

மணிமேகலையில் எனக்குப் பிடித்தது ஆபுத்திரன் கதைதான். மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி அவன் கையில். அள்ள அள்ளக் குறையாது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத்தில் நிற்கும் கப்பல், அவன் இறங்கிய நேரம் பார்த்து அவனை விட்டுப் போய்விடுகிறது. கையில் வற்றாத பாத்திரம், தீவில் சாப்பிட ஓர் ஆள் இல்லை. தனக்கு மட்டும் எடுத்துத் தின்ன அவனால் முடியவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விட்டான். வருஷத்துக்கு ஒருநாள், புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று, அது மேலே வரும். அப்படி வந்ததைத்தான் மணிமேகலை வாங்கிப் பசித்தவர்களைத் தேடிப் போனாள்.

"அவன் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள். நடுவழி கேட்ட பிள்ளை அப்படித்தான் கேட்கும்.

கிளம்பும் முன் இரண்டு பக்கமும் ஓடி, ஒரு விரல் ஆண்கடல், ஒரு விரல் பெண்கடல் என்று நக்கிப் பார்த்தாள். ரெண்டும் ஒரே உப்புதான் என்று தீர்ப்பு. பெருங்கடலுக்கு ஒரே சுவை, உப்பு. என் தம்மத்துக்கும் ஒரே சுவை, விடுதலை என்று புத்தர் சொன்னதைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினாளோ இல்லையோ, காலி பாட்டிலில் கடல் தண்ணீர் பிடிப்பதில் மும்முரமாக இருந்தாள். வீட்டில் காய்ச்சி உப்பு எடுக்கப் போகிறாளாம்.

வீடு சேர்ந்தபோது ராத்திரி ஒன்பதரை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா பையைத் திறந்து, பாட்டிலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார். இரண்டும் ஒரே மாதிரி ஒரு லிட்டர் பாட்டில்.

"அப்பத்தா, அது இல்ல!" என்று இவள் கத்தினாள்.

அம்மா முகம் கோணி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனசில்லாமல் எப்படியோ விழுங்கிவிட்டார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "ஏத்தா, குடிக்கக் கொஞ்சம் நல்ல தண்ணி கொண்டா" என்றார்.