முகில்காட்டு ஓணான்களை அடையாளம் காணப் பழகுதல்: இதுவரை வந்த தூரம்

நுவரெலியாவைச் சூழ்ந்த மலைக்காடுகளில், பாசி போர்த்திய கிளைகளில் வாழும் ஓணான்களை ஒளிப்படம் எடுத்து, இனம் பிரித்து, குறிப்பேட்டில் பதிந்து வைப்பது சில பருவங்களாக என் ஓய்வுநேர வேலையாக இருந்து வருகிறது. அதில் முதன்மையான இடம் பெற்றது கோஃபோட்டிஸ் சைலானிக்கா என்னும் சிறிய ஓணான். பெர்லின் அருங்காட்சியகத்தின் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1861இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இந்த இனம், இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

ஓணானைப் பிடிக்கக்கூடாது, கிளையை அசைக்கக்கூடாது, படத்தில் தெரிவதை மட்டும் கொண்டே இனத்தைச் சொல்ல வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வைத்துக்கொண்டேன். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் சட்டமும் அதையே கோருகிறது. அருங்காட்சியக மாதிரிகளை வைத்து எழுதப்பட்ட விளக்கங்கள் உடலின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள செதில்களை எண்ணச் சொல்கின்றன. கிளையில் ஒட்டிக் கிடக்கும் ஓணானின் ஒரு பக்கப் படத்தில் அதை எண்ண முடியாது. ஆகவே படத்தில் தெளிவாக விழும் உறுப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசையை அமைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதியாயிற்று.

நிறத்தைக் கடைசி இடத்துக்குத் தள்ளினேன். பனி மூடிய காலையில் கரும்பழுப்பாகத் தெரியும் ஓணான், வெயில் பட்டபின் ஒலிவ் பச்சைக்கு மாறிவிடுவதை ஒரே கிளையில் பார்த்த பிறகு, நிறத்தைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள முடிந்தது.

முதல் இடம் காதுக்கு. ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கல பகுதியிலும் மரங்களிலும் புதர்களிலும் கண்ணில் படும் மலை ஓணான்கள் பெரும்பாலும் மூன்று: கருங்கன்ன ஓணான் எனத்தக்க கலோட்டிஸ் நிக்ரிலாப்ரிஸ், கொம்புமூக்கு ஓணானாகிய செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி, அத்துடன் கோஃபோட்டிஸ். கலோட்டிஸுக்குக் கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை வட்டமாக வெளியே தெரியும். மற்ற இரண்டுக்கும் அது தோலுக்கும் செதிலுக்கும் உள்ளே மறைந்துவிடும். தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று கூர்மையாகக் கிடைத்தால் இந்த ஒரு பார்வையிலேயே கலோட்டிஸ் ஒதுங்கிவிடுகிறது. ஆணின் கன்னத்துக் கருமை பெண்ணிடம் அப்படியே இருப்பதில்லை என்பதால், கன்னத்தைவிடக் காதே நம்பகமானது. (பிரித்தானியர் காலத்தில் வந்து சமவெளியில் பரவிவிட்ட மஞ்சள் பூ முட்புதரான உலெக்ஸில் ஏறி வெயில் காய்வதும் பெரும்பாலும் இந்தக் கலோட்டிஸே.)

எஞ்சிய இரண்டைப் பிரிப்பதில்தான் நேரம் அதிகம் செலவானது. ஆண் ஸ்டொடார்ட்டியின் மூக்கு நுனியில் வெளிறிய, கூரிய கொம்பு இருப்பதால் அதில் ஐயம் எழாது. ஆனால் பெண்ணுக்கும் குட்டிக்கும் கொம்பு மிகச் சிறிதாகவோ, இல்லாமலோ இருக்கலாம். அத்தகைய படம் கோஃபோட்டிஸுக்கு அருகில் வந்து நிற்கிறது. இங்கே கைகொடுத்தது வால். கோஃபோட்டிஸின் வால் பற்றும் வால். ஐந்தாவது கை போல அது கிளையைச் சுற்றிக்கொள்ளும். ஹக்கலவில் தாடி லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வளரும் உயிரி) தொங்கிய ஒரு கிளையில் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓணான் முன்கால் ஒன்றை எடுத்து வைத்து, நின்று, அடுத்த காலை நகர்த்தி முடிக்கும்வரை வால்நுனி கிளையை விடவே இல்லை. எல்லாக் கால்களும் ஊன்றிய பிறகே சுருள் தளர்ந்து சற்று மேலே போய் மறுபடி இறுகியது. செரட்டோஃபோராவின் வால் இப்படிச் சுருண்டு பற்றுவதில்லை. இப்போது வால்நுனி இல்லாத படத்தை ‘ஐயத்துக்குரியது’ என்ற பிரிவில் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது செதில். கோஃபோட்டிஸின் விலாவில் பெரிய செதில்கள் ஒழுங்கற்ற அளவுகளில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஃபிளாஷ் இதைத் தட்டையாக்கிவிடுகிறது. பக்கவாட்டில் விழும் மேகமூட்டமான இயற்கை ஒளியில், முக்காலியில் கமராவை நிறுத்தி எடுத்தால் ஒவ்வொரு செதிலின் விளிம்பும் தெரிகிறது. லென்ஸில் ஈரம் படிவதுதான் தொல்லை.

வகைப்பாட்டுக்கு வந்தால், பற்றும் வாலையும் மெதுவான நடையையும் கண்டு இதைப் பச்சோந்திக் குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். உண்மையில் மேலே சொன்ன மலை ஓணான்கள் மூன்றுமே ஓணான் குடும்பமான அகமிடேயைச் சேர்ந்தவை. உருவ ஒப்புமை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குச் சுமத்திராவே சாட்சி: அங்கே கிடைத்த ஓர் ஓணானை 1879இல் கோஃபோட்டிஸ் பேரினத்தில் சேர்த்தார்கள், பிற்காலத்தில் அது சூடோகோஃபோட்டிஸ் என்று தனியாகப் பிரிக்கப்பட்டது. மரபணு ஆய்வுகள் கோஃபோட்டிஸை இலங்கையின் செரட்டோஃபோரா, மூக்கில் உருண்டைப் புடைப்புள்ள ஓணானாகிய லிரியோசெஃபாலஸ் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவாக வைக்கின்றன. மறைந்த செவிப்பறை இம்மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைக் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்த்தபோது எனக்குப் பெரும் நிறைவு உண்டாயிற்று.

இனப்பெருக்கம் இன்னொரு பிரிகோடு. இலங்கை ஓணான்களில் குட்டி போடுவது கோஃபோட்டிஸ் மட்டுமே. மலைக்குளிரில் முட்டையை மண்ணில் விடுவதைவிட வயிற்றில் சுமந்து வெயில் காய்வது பயன் தரும் என்ற விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. ஆயினும் அதே குளிரில் வாழும் ஸ்டொடார்ட்டி முட்டைதான் இடுகிறது என்பதால், குளிர் ஒன்றையே காரணமாக்க எனக்கு மனம் வரவில்லை.

2006 வரை கோஃபோட்டிஸ் பேரினத்தில் இந்த ஓர் இனமே எஞ்சியிருந்தது. அந்த ஆண்டில் நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து கோஃபோட்டிஸ் தும்பரா விவரிக்கப்பட்டது. மகாவலிப் பள்ளத்தாக்கு அம்மலைத்தொடரை மத்திய மலைநாட்டிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. கொம்பு இலை வடிவில் அமைந்த செரட்டோஃபோரா டென்னென்டியும் அப்பக்கத்துக்கே உரியது. இதனால் என் பதிவுத்தாளில் மலைத்தொடரின் பெயருக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் தனிக் கட்டங்கள் சேர்த்திருக்கிறேன். எந்த மரம், எந்த வளைவு என்ற விவரத்தை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. செல்லப்பிராணி வணிகத்துக்காக இவை கடத்தப்படுகின்றன. 2019இல் கோஃபோட்டிஸ் இனங்கள் இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அதனால்தான். படக்கோப்பிலிருந்து ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிய பிறகே பகிர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது காது, வால், மூக்கு, செதில், மலைத்தொடர், நிறம் என்ற வரிசையில் தமிழில் ஓர் அடையாளத் திறவுகோலின் (படிப்படியாகப் பார்த்து இனத்தைக் கண்டறிய உதவும் வழிகாட்டியின்) முதல் வரைவு தயாராக இருக்கிறது. வயதுவந்த ஆண்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. குட்டிகளுக்கான வரிகள் இன்னும் போதுமானவையாக இல்லை. புதிதாகப் பிறந்த கோஃபோட்டிஸ் குட்டியின் பக்கவாட்டுத் தலைப் படமும் வால்நுனிப் படமும் கிடைத்தபின் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுவேன்.